நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை

நான் வேலை பார்த்த கோர்ட்டில் இப்போது ஸ்டெனோவாக இருக்கும் ஒரு பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். "மேடம், பிரிஞ்சு போன அப்பா அம்மா புள்ளைங்களைப் பாக்கறதுக்கு ஆர்டர் போடறாங்க இல்ல, அதுக்கு உங்க காலத்துல என்ன மாடல் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவளுடைய கம்ப்யூட்டரில் ஒன்று தயாராக இருக்கிறதாம். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதுமாம். மாதத்தில் முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, காலையிலிருந்து மாலை வரை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அவள் மேசையில் மலைபோல் கேஸ் கட்டு குவிந்திருக்கும். "மாடல் கீடல் எல்லாம் கிடையாதும்மா, சொன்னதை அடிச்சோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு, இப்படி மொட்டையாகச் சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றியது. போனில் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இதில் வருகிறவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் படித்து வந்த கதை பெரிய கதை இல்லை. பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் டைப்ரைட்டிங், பிறகு ஷார்ட்ஹேண்ட். எழுபதுகளின் நடுவில் கோர்ட்டில் வேலை கிடைத்தது. கடற்கரைக்குப் பக்கத்தில், உயரமான ஜன்னல்கள் வைத்த பழைய கட்டடம். முதல் சில வருஷம் வரப்புத் தகராறும் வாடகைத் தகராறும் அடித்து அடித்து என் விரல் தேய்ந்தது. பிறகு ஒரு நீதிபதியின் அறைக்கு என்னை மாற்றினார்கள். குடும்ப வழக்குகள் அவரிடம்தான் வரும். அவரிடம் போகிறேன் என்றதும் மற்ற குமாஸ்தாக்கள் எனக்கு அனுதாபம் சொன்னார்கள். ஒரு வரியை அடித்து முடிப்பதற்குள் நாலு தரம் மாற்றுவார் என்று அவருக்குப் பெயர்.

மாற்றுவார் என்பது உண்மைதான். காரணம் பிறகு புரிந்தது. அவர் பிரெஞ்சுக்காரன் காலத்தில் சட்டம் படித்தவர். அந்தச் சட்டத்தில், புருஷன் பெண்சாதி வழக்கு என்றால் விசாரணைக்கு முன்னால் நீதிபதியே இருவரையும் நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று ஒரு முறை உண்டு. சட்டம் மாறி வெகுகாலம் ஆகியும் அவருடைய பழக்கம் மாறவில்லை. பேச்சிலும் அப்படியே. எல்லாரும் அவருக்கு மதாம், ஆணாக இருந்தால் முசே. மீன் விற்கிற அம்மாவும் மதாம்தான். ஒருமுறை கட்டட வேலை செய்கிறவரை "உக்காருங்க முசே" என்றபோது, அந்த மனிதர் தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுஷன் நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தார்.

அவர் செய்கிற முறை எனக்கு இன்னும் மனப்பாடம். முதலில் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். வக்கீல்கள் இருவரையும் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவார். கணவனோடு தனியாகப் பேசுவார், பிறகு மனைவியோடு தனியாக. அதற்குப் பிறகு குழந்தை. கடைசியில்தான் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார். அந்த வரிசை ஒருநாளும் மாறாது. நான் மூலையில் என் சின்ன மேசையில் இருப்பேன். ஆனால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். "எழுதுங்க மதாம்" என்று அவர் சொல்கிற வரைக்கும் அந்த அறையில் காதில் விழுந்தது எதுவும் காகிதத்துக்கு வரக் கூடாது.

குழந்தையிடம் "அம்மா வேணுமா அப்பா வேணுமா" என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு இளம் வக்கீல் அப்படிக் கேட்கச் சொல்லி வற்புறுத்தினபோது, "அதுக்குப் பதில் சொன்ன புள்ள அன்னிக்கு ராத்திரி தூங்காது, மேத்ர்" என்றார். வக்கீல்களை மேத்ர் என்பார், அதுவும் பிரெஞ்சு மரியாதை. குழந்தையிடம் அவர் கேட்பதெல்லாம் நேற்று என்ன சாப்பிட்டாய், தலை யார் பின்னிவிட்டார்கள், ராத்திரி பயந்தால் யாரைக் கூப்பிடுவாய், இந்த மாதிரிதான்.

ஏற்பாடு முடிவானதும் இங்கிலீஷில் சொல்லி என்னை அடிக்க வைப்பார். அடித்ததைத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு, கணவனையும் மனைவியையும் அவரவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்வார். எங்கே திக்குகிறார்களோ அந்த இடத்தை என்னை மறுபடி அடிக்கச் சொல்வார். அதுதான் அந்த நாலு தரம்.

ஒரு ஜவுளிக்கடைக்காரரும் அவர் மனைவியும் எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்துவிட்டுத் தீபாவளியில் வந்து திக்கினார்கள். பிள்ளையை ஆளுக்குப் பாதி நாள் வைத்துக்கொள்வது என்று எழுதியாகிவிட்டது. விடியற்காலையில் அவன் தலையில் எண்ணெய் வைப்பது யார்? அதில் ரெண்டு பேரும் இம்மியும் அசையவில்லை. மத்தியானச் சாப்பாடு போய்விட்டது எங்களுக்கு. கடைசியில் ஒரு வருஷம் அம்மா, ஒரு வருஷம் அப்பா என்று முடிந்தது. கதவோரம் நின்றிருந்த பிள்ளை மட்டும், "ரெண்டு வாட்டி குளிச்சா ரெண்டு சொக்கா கெடைக்குமா சார்?" என்று கேட்டான். நீதிபதி சிரித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இன்னொருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வருஷத்தில் ஒரு மாதம் வக்கான்சில் ஊருக்கு வருவார். லீவை நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். நாலு வயசு மகள் அவரைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. பிள்ளையை உடனே தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் சத்தம் போட்டார். முதல் வாரம் முழுக்க அவர் மனைவியின் வீட்டுக்கே போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்றார் நீதிபதி. "எம் புள்ளய பாக்க நான் விருந்தாளியா போவணுமா?" என்று அவர் எழுந்து நின்றார். "புள்ளைக்கு நீங்க இப்ப விருந்தாளிதான் முசே. உக்காருங்க." அவர் உட்கார்ந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அந்தக் குழந்தை அவர் தோளில் ஏறிக்கொண்டு கடற்கரையில் போவதை நானே பார்த்தேன்.

இப்படி எத்தனையோ. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது தேவராசு, கலா வழக்குதான். எண்பதுகளின் தொடக்கம். தேவராசு பஞ்சு மில் தொழிலாளி, சாரம் பகுதியில் குடியிருந்தார். கலா அவரை விட்டுப் பிரிந்து, அரியாங்குப்பத்தில் அண்ணன் ஏழுமலை வீட்டில் இருந்துகொண்டு துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரிந்ததற்கு முக்கியமான காரணம் தேவராசுவின் குடி. ஆறு வயசு மகள் மலர் அம்மாவோடு இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மத்தியானம் வரை அப்பாவோடு என்று எங்கள் நீதிபதி வருவதற்கு முன்பே ஒரு உத்தரவு போட்டிருந்தார்கள். அந்த ஞாயிறுகளை நிறுத்த வேண்டும் என்று இப்போது கலா மனுப் போட்டிருந்தாள்.

நடந்தது இது. ஒரு ஞாயிறு ஏழுமலை சண்டே மார்க்கெட்டுக்கு வந்தவர், வெயிலுக்குப் பார்க்குக்குள் நுழைந்திருக்கிறார். ஒரு மரத்தடியில் தேவராசு மல்லாந்து கிடக்கிறார். பக்கத்தில் குழந்தையைக் காணோம். தேடினால் பார்க் கேட்டுக்கு வெளியே, வண்டி போகிற ரோட்டோரம் நின்று பலூன்காரனை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது. தேவராசுவை உலுக்கி எழுப்பினால் கண் ரெண்டும் கோவைப்பழம், நாக்குக் குழறுகிறது. ஏழுமலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாண்டிச்சேரியில் பட்டப்பகலில் பார்க்கில் மல்லாந்து கிடக்கிற ஆணைப் பார்த்தால் ஊரில் யாரும் ரெண்டாவது யோசனை செய்ய மாட்டார்கள். தெருவுக்குத் தெரு சாராயக்கடை. வெளியூரிலிருந்து குடிப்பதற்கென்றே பஸ் ஏறி வருகிறவர்கள் அங்கங்கே விழுந்து கிடப்பார்கள். நானும் அந்த மனுவை அடித்தபோது, குடிகாரன் கையில் பிள்ளையைக் கொடுத்தால் இப்படித்தான் என்று வைதுகொண்டே அடித்தேன்.

விசாரணை நாளில் தேவராசு முதலில் வந்தார். ஒடிசலான மனிதர். தலைமுடியில் பஞ்சு இருந்தது.

"குடிக்கலீங்க அய்யா. நைட் ஷிப்ட் முடிச்சிட்டு நேரா வந்தேன். உக்காந்தவன் அப்பிடியே சாஞ்சிட்டேன்."

"ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு எதுக்கு முசே காலையில வரீங்க?"

"ஆர்டர்ல ஞாயித்துக்கெழம காலையிலன்னு தானே போட்டிருக்குது. மூணு வாரத்துக்கு ஒருக்கா எனக்கு நைட்டு. சனிக்கெழம ராத்திரி போனா ஞாயித்துக்கெழம விடிஞ்சிதான் வுடுவாங்க."

"நேரத்தை மாத்திக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, இருக்கறதும் போயிடுமோன்னு பயந்துட்டேன் அய்யா. அந்த அரை நாளு தாங்க எனக்கு இருக்குது."

மில்லில் நைட் ஷிப்ட் பார்த்தார் என்பதற்குச் சான்று கிடைக்கும். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் குடிக்கவில்லை என்பதற்கு யார் சான்று தருவார்கள்? எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போவது அதைத்தான். தேவராசுவுக்கோ குடிகாரர் என்று பழைய பெயர் வேறு இருக்கிறது. அந்தப் பக்கம் ஏழுமலை கண்ணால் பார்த்த சாட்சி, அவர் பொய் சொல்கிற ஆளும் இல்லை. தங்கையையும் பிள்ளையையும் ஒரு முகச்சுளிப்பு இல்லாமல் வைத்துச் சோறு போடுகிறவர். தேவராசுவுக்கு அன்றோடு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

அடுத்து கலா. முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தபடி உட்கார்ந்தாள்.

"மதாம், அன்னிக்கு அவரை நீங்க பாத்தீங்களா?"

"இல்லீங்க. எங்க அண்ணன்தான் பாத்துச்சு."

"அவர் கூட எத்தனையோ வருஷம் இருந்திருக்கீங்க. குடிச்சா எப்படி இருப்பாருன்னு உங்களை விட யாருக்குத் தெரியும்? சொல்லுங்க. இந்தம்மா இப்ப எழுத மாட்டாங்க."

கலா என்னைப் பார்த்தாள். நான் பென்சிலை இன்னும் தள்ளி வைத்தேன். வராந்தாவில் அவள் அண்ணன் வக்கீலோடு பேசுகிற குரல் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலின் வீட்டுக்குத்தான் அவள் சாயங்காலம் திரும்பிப் போக வேண்டும். நீதிபதி அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குடிச்சா அவரு தூங்க மாட்டாருங்க" என்றாள் கலா.

நீதிபதி திரும்பினார்.

"பேசுவாரு. விடிய விடிய பேசுவாரு. செத்துப்போன அவங்க அப்பாவ கூப்ட்டு கூப்ட்டு நாயம் கேப்பாரு. நம்மளயும் தூங்க வுட மாட்டாரு. எத்தினி நாளு அப்பிடி ஒக்காந்திருக்கேன் நானு." முந்தானையை மறுபடியும் கையில் சுற்றினாள். "நைட்டு முடிச்சிட்டு வந்தாதாங்க அப்பிடி அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குவாரு. கண்ணு செவந்திருக்கும். எழுப்பினா ஒளறுவாரு. எங்கண்ணன் வந்து சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சிது. ஆனா புள்ள ரோட்டுல நின்னுச்சே அய்யா. அத நெனைச்சி ஆத்திரத்துல கையெழுத்துப் போட்டேன்."

அந்த நிமிஷத்தில் அவள் தன் மனுவைத் தானே கிழித்துப் போட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. தன்னைத் தூங்கவிடாத புருஷனுக்காக, தனக்குச் சோறு போடுகிற அண்ணனின் வார்த்தையை மறுத்தாள். மனுவை அடிக்கும்போது நான் வைதது ஞாபகம் வந்து கூசியது.

"அவரு குடிக்கல" என்றாள் மறுபடியும். "ஆனா தூங்கினது தப்புதானுங்க."

"தப்புதான் மதாம்" என்றார் நீதிபதி.

மலர் வந்தாள். ரெட்டைப் பின்னல், ஒன்று மேலே ஒன்று கீழே. அப்பா வந்தால் ரெண்டு பேரும் என்ன செய்வீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"வேர்க்கல்ல வாங்கித் தரும். கத சொல்லும்."

"என்ன கதை?"

"சிங்கம் கத. பாதியிலயே தூங்கிடும்."

"அப்புறம் மிச்சக் கதை?"

"நானே சொல்லிக்குவேன். அன்னிக்கு கத முடிஞ்சிடுச்சா, அதான் பலூன் பாக்கப் போனேன்."

நீதிபதி அவளுக்கு மேசை மேலிருந்த மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். தேவராசுவும் கலாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமையை நான் நிறுத்தப் போறதில்ல" என்று ஆரம்பித்தார். "மதாம் சொன்னாங்க, நீங்க குடிக்கலைன்னு." தேவராசு தலையைத் தூக்கிக் கலாவைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "ஆனா ராத்திரி வேலை பாத்துட்டு வர ஆளுகிட்ட புள்ளையை விட முடியாது. நைட் ஷிப்ட் வாரத்துல என்ன செய்யலாம்? நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. நான் சொல்லப் போறதில்ல."

கலாதான் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "தூங்கி எழுந்து சாயந்தரமா வரட்டும்."

"சாயந்தரம்னா ஒரு மணி நேரத்துல இருட்டிடும். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு இட்டுக்கினு போயிடுவாங்க" என்றார் தேவராசு. நேரத்தைக் குறைக்கத்தான் பேசுகிறார்கள் என்ற பயம் அவர் குரலில் அப்படியே இருந்தது.

"இருட்டினா இன்னா? அந்த வாரம் நானே பார்க்குக்கு இட்டாறேன். நான் அந்தாண்ட பெஞ்சில ஒக்காந்திருக்கேன். முடிஞ்சப்பறம் இட்டுக்கினு போறேன்."

"உங்கண்ணன்?" என்றார் தேவராசு.

"எங்கண்ணன் எதுக்கு வரணும்? எம் புள்ள. நான் இட்டாறேன்."

"எழுதுங்க மதாம்" என்றார் நீதிபதி என்னிடம்.

மற்ற வாரங்களில் வழக்கம்போல் காலை, நைட் ஷிப்ட் வாரத்தில் மாலை, கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதும் தாய் மட்டுமே. மில் ஷிப்டை வைத்து ஒரு குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை எழுதிய உத்தரவை நான் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடித்ததில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னபோது இருவரும் ஒரு இடத்திலும் திக்கவில்லை. நான் ஒரே தரம் அடித்தேன்.

அவர்கள் வெளியே போனதும் வராந்தாவில் ஏழுமலையின் குரல் உயர்ந்தது. "இன்னா சொன்னே உள்ள? அப்ப நான் பொய் சொன்னேனா?"

"நீ பாத்தத நீ சொன்னே. எனக்குத் தெரிஞ்சத நான் சொன்னேன் அண்ணா."

அவர் கீழே இறங்கி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டுப் பிறகு சமாதானம் ஆகிவிட்டதாக வக்கீல் பின்னால் சொன்னார். ஆனால் அன்றைக்குக் கலாவும் குழந்தையும் உச்சி வெயிலில் கோர்ட் வாசலில் தனியாக நின்றார்கள். ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. பஸ் நிற்கிற இடம் அங்கிருந்து தூரம்.

தேவராசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அவர்களைப் பார்த்துத் தயங்கி நின்றார். கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, சைக்கிளைக் காட்டி ஏதோ கேட்டார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம இல்ல" என்று கலா சொன்னது மாடியில் இருந்த எனக்கே கேட்டது.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். நாலடி போயிருப்பார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும்" என்றாள் கலா.

தேவராசு திரும்பி வந்து மலரைத் தூக்கி முன் பாரில் உட்கார வைத்தார். ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். கலா பின்னால் பத்தடி விட்டு நடந்தாள். அந்த இடைவெளி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அப்படியே மூன்று பேரும் தெரு முனை திரும்பினார்கள்.

நீதிபதி எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இந்த ஆர்டரை அவங்களே போட்டுக்கிட்டாங்க மதாம்" என்றார். "அடுத்த கேஸ் கட்டை எடுங்க."